சரக்கிறங்கும் துறை: அலெக்ஸாந்திரியா

பில் ஆஃப் லேடிங்கில் ‘போர்ட் ஆஃப் டிஸ்சார்ஜ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். கப்பல் சரக்கை இறக்கவேண்டிய துறைமுகத்தின் பெயரை அதில் அடிக்க வேண்டும். பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் அந்தக் கட்டத்தில் நான் அடிக்கடி அடித்த பெயர்களில் ஒன்று அலெக்ஸாந்திரியா. தேயிலைப் பெட்டியோ, மிளகு மூட்டையோ, மெஷின் உதிரிப் பாகமோ, எது போனாலும் அத்தனை கார்பன் தாள்களையும் தாண்டி எழுத்து விழும்படி விரலை அழுத்தி அடிக்க வேண்டும். அந்த ஊர் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஷிப்பிங் குமாஸ்தாவுக்கு ஊர் என்பது எல்.சி. என்ற வங்கி உத்தரவாதக் கடிதம் காலாவதி ஆவதற்குள் சரக்கு போய்ச் சேரவேண்டிய இடம், அவ்வளவுதான்.

2018 நவம்பரில் துபாயில் இருக்கும் மகன் என்னையும் என் மனைவியையும் எகிப்துக்குக் கூட்டிப்போனான். பிரமிடு, லக்ஸர், நைல் நதியில் படகு என்று அவன் ஒரு கணக்குப் போட்டிருந்தான். அலெக்ஸாந்திரியாவில் இரண்டு ராத்திரி வேண்டும் என்றேன்.

“அங்க என்னப்பா இருக்கு? காலையில போயிட்டு சாயங்காலம் திரும்பிரலாம்னுதான் எல்லாரும் சொல்றாங்க.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. உலகமே பேசும் கலங்கரை விளக்கம் நிலநடுக்கங்களில் விழுந்துவிட்டது. நூலகம் அழிந்துவிட்டது. ஊருக்குப் பெயர் கொடுத்த அலெக்சாந்தரின் கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியாது. பேர்பெற்ற மூன்று சங்கதிகளும் இல்லாத ஒரு ஊருக்கு ஜனம் டிக்கெட் எடுத்துப் போகிறது என்றால் பெரிய விஷயம்தான்.

எனக்கு அங்கே போக வேறு காரணம் இருந்தது. நாங்கள் மூன்று தலைமுறையாகக் கப்பலை நம்பிச் சாப்பிட்டவர்கள். தாத்தா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து கோதியில் மூட்டை தூக்கினார். பம்பாய்த் தமிழர்கள் டாக்கைக் கோதி என்றுதான் சொல்வோம். 1944 ஏப்ரல் 14ஆம் தேதி விக்டோரியா டாக்கில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற கப்பல் வெடித்தபோது அவர் அன்று வேலை கிடைக்காமல் திரும்பியிருந்தார். அந்த ஒரு நாள் கூலி போனதால்தான் எங்கள் வம்சம் இருக்கிறது என்று ஆச்சி சொல்வாள். இங்கிலாந்தில் கிளம்பி ஜிப்ரால்டர், போர்ட் சயீத், சூயஸ் என்று மத்தியதரைக் கடலைக் கடந்து வந்த கப்பல் அது. சுமார் 1,400 டன் வெடிபொருள், அதோடு தங்கக் கட்டிகள், போதாததற்குக் கராச்சியில் ஏற்றிய பருத்திப் பொதிகள். பருத்தியில் பிடித்த தீதான் எல்லாவற்றையும் கிளப்பியது. அப்பா அலெக்ஸாண்ட்ரா டாக்கில், பின்னாளில் இந்திரா டாக் ஆனதில், ஒரு முகாதமின், அதாவது மேஸ்திரியின், கீழ் கூலியாள். சயானில் ரயிலேறி மஸ்ஜித்தில் இறங்கிப் போவார். என்னை மட்டும் மூட்டைக்கு விடக்கூடாது என்று மாதுங்காவில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தார். தாராவியிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் மாதுங்கா. இந்தப் பக்கம் மூட்டை தூக்கும் தமிழ், அந்தப் பக்கம் சுருக்கெழுத்துத் தமிழ். ஃபில்டர் காப்பி வாசனையும் மல்லிகைச் சரமுமாக இருக்கும் கிங்ஸ் சர்க்கிள் தெருவில் சட்டையை இன் செய்துகொண்டு நடந்தபோது யாரோ பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் ரொம்ப நாள் இருந்தது.

கெய்ரோவிலிருந்து ரயிலில் போனோம். டெல்டா முழுக்க வயல். அலெக்ஸாந்திரியாவில் இறங்கி டாக்சி பிடித்துக் கடற்கரைச் சாலைக்கு வந்ததும் என் மனைவி சொன்னது: “இதுக்கா இம்புட்டு தூரம்? மரைன் டிரைவ்தானங்க இது.” பிறை வடிவத்தில் கடல், அதை ஒட்டி வளைந்து போகும் சாலை, உப்புக் காற்றில் தோலுரிந்த அடுக்குமாடிகள், தடுப்புச் சுவரில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஜோடிகள். மறுக்க வழியில்லை. டாக்சிக்காரர் நாங்கள் இந்தியா என்று தெரிந்ததும் அமிதாப் பச்சன் பெயரைச் சொல்லி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். எகிப்தில் இது எல்லாருக்கும் நடப்பதாம்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. குளிர்காலத்தில் வரும் புயல்களுக்கு அந்த ஊர் மீனவர்கள் தனித்தனியே பெயரும் நாளும் வைத்திருக்கிறார்கள். நவம்பர் நடுவில் வருவது மக்னசா, அதாவது துடைப்பம். அலை சுவரைத் தாண்டி ரோட்டில் விழுந்தது. ஓட்டல் ஜன்னலிலிருந்து பார்த்தபோது ராம்ல் ஸ்டேஷன் பக்கம் நீல நிற டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு நின்றது, அதில் ஒரு பெட்டிக்கு மாடி வேறு. பம்பாயில் டிராம் 1964 மார்ச் 31 இரவோடு முடிந்துபோனது, தாதர் டி.டி. (டிராம் டெர்மினஸ்) என்ற பெயரில் ஒட்டியிருக்கும் இரண்டு எழுத்துதான் மிச்சம். அப்பா கடைசி நாள் டிராமில் தொற்றிக்கொண்டு போனவர். மறுநாள் அந்த மாடியில் ஏறி ஊர்க்கோடி வரை போய்த் திரும்பினோம். டிக்கெட் விலை அப்போது ஒரு வடாபாவுக்குக்கூடக் காணாது. போகும் வழியெல்லாம் சமையலறை ஜன்னல்கள் கைக்கெட்டும் தூரத்தில் போயின. பார்க்கவேண்டிய இடங்கள் என்ற பட்டியலில் இதை யாரும் போடவில்லை. நான் போட்டால் முதலில் போடுவேன்.

பட்டியலில் இருந்ததையும் பார்த்தோம். காயித்பே கோட்டை 1477இல் கலங்கரை விளக்கம் நின்ற இடத்திலேயே மம்லூக் சுல்தான் எழுப்பத் தொடங்கியது; பழைய விளக்கின் கற்களும் சுவரில் இருக்கின்றன என்கிறார்கள். பாம்ப்பியின் தூண் என்று பெயர் இருந்தாலும் பாம்ப்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தியோக்லெஷியன் என்ற ரோமப் பேரரசனுக்கு வைத்தது. இருபது மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஒற்றைச் செங்கருங்கல்லை அஸ்வானிலிருந்து நைல் வழியாக எப்படி இறக்கினார்கள், எத்தனை பேர் கயிறு பிடித்தார்கள் என்றுதான் எனக்கு ஓடியது. புதிய நூலகம் 2002இல் திறந்தது. வட்டமான கருங்கல் சுவரில் உலகத்து எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். மனைவிக்கு அங்கே குளிரூட்டிய வாசிப்பறை ரொம்பப் பிடித்தது.

கோம் எல் ஷொகாஃபா நிலவறைக் கல்லறைதான் என்னை நிறுத்தியது. ஒரு ஆழமான கிணறு, அதைச் சுற்றிச் சுழன்று இறங்கும் படி. ஆட்கள் படியில் இறங்குவார்கள், பிணத்தைக் கிணற்றின் நடுவே கயிறு கட்டி இறக்குவார்கள். கீழே சொந்தக்காரர்கள் வந்து படையல் போட்டுச் சாப்பிடுவதற்கு என்றே கல்லில் குடைந்த சாப்பாட்டு அறை. வாசலில் எகிப்தின் நாய்முகக் கடவுள் அனுபிஸ் ரோமச் சிப்பாய் உடுப்பில் நிற்கிறார். துறைமுகத்து ஜனங்கள் சாமி விஷயத்தில் இப்படித்தான். எந்தக் கப்பலில் எந்தத் தெய்வம் வருகிறதோ அதற்கும் ஒரு கும்பிடு. தாராவியில் பிள்ளையார் கோயில் வாசலிலும் மசூதி வாசலிலும் மாறி மாறி எங்களைத் தண்ணீர் மந்திரிக்கக் கொண்டுபோன ஆச்சிக்கு அந்த அனுபிஸைக் காட்டியிருந்தால் அவள் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டாள்.

நான் பார்க்க விரும்பிய ஒரு காகிதம் அலெக்ஸாந்திரியாவில் இல்லை. எகிப்தில் கிடைத்து, இப்போது வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. முசிறி பாப்பிரஸ் என்று பெயர், கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. 1985இல் அதைப் படித்து வெளியிட்டார்கள். தமிழில் இதைப் பற்றிப் பெருமையாக நிறைய எழுதியிருக்கிறார்கள்; யவனர் கப்பல் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிப்போனதை அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியதோடு சேர்த்துப் பேசுவார்கள். பேசட்டும். ஆனால் அதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது, இது எங்கள் ஆபீஸ் ஃபைல் என்பதுதான். ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம். முசிறிப் பயணத்துக்குக் கடன் வாங்கிய வியாபாரி எழுதிக் கொடுத்தது: சரக்கைச் செங்கடல் துறையில் இறக்கி, நம்பகமான ஒட்டகக்காரனிடம் ஒப்படைத்து, காவலோடு பாலைவனம் தாண்டி, கோப்தோஸ் ஊரில் அரசாங்கக் கிட்டங்கியில் முத்திரை வைத்துச் சேர்த்து, அங்கிருந்து நைல் படகில் அலெக்ஸாந்திரியாவுக்குக் கொண்டுவந்து, மறுபடி கிட்டங்கி, மறுபடி முத்திரை. சுங்கம் நாலில் ஒரு பங்கு. சொன்ன தேதியில் கடன் அடைக்காவிட்டால் சரக்கு கடன் கொடுத்தவனுக்கு. மறு பக்கம் ‘ஹெர்மாபொலோன்’ கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு: கங்கைப் பக்கத்து நறுமணப் பொருள், தந்தம், துணி. மொத்தம் ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ் என்ற ரோமக் காசு. மேலாளர் ஒருவர் எங்களுக்குச் சொல்வார், காகிதம் சரியாக இருந்தால் கப்பல் மூழ்கினாலும் பிழைக்கலாம் என்று. அவர் அலெக்ஸாந்திரியாக்காரராக இருந்திருக்க வேண்டியவர்.

செங்கடல் கரையில் குசைர் அல் காதிமில் தோண்டியபோது பானை ஓடுகளில் கணன், சாதன், அதாவது கண்ணன், சாத்தன், என்று தமிழ்ப் பிராமியில் பெயர்கள் கிடைத்தன. அலெக்ஸாந்திரியாவில் தன் பேச்சைக் கேட்ட கூட்டத்தில் இந்தியர்களும் இருந்ததாகத் தியோன் கிறிசோஸ்தொம் என்ற கிரேக்கப் பேச்சாளர் சொல்லியிருக்கிறார். கண்ணனும் சாத்தனும் முதலாளிகளா, கணக்கப்பிள்ளைகளா, மூட்டை தூக்கிகளா? பானையில் பேரை எழுதி வைக்கிறவன் முதலாளியாக இருக்க மாட்டான் என்பது என் கட்சி. முதலாளியின் பானையை யாரும் எடுக்கப் போவதில்லை.

மன்ஷியா சதுக்கத்துக்கு நான் மட்டும் நடந்து போனேன். ஒரு காலத்தில் இங்கே பருத்திச் சந்தைக் கட்டிடம் இருந்தது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கி லங்காஷயர் மில்களுக்குப் பருத்தி நின்றபோது உலகத்தில் இரண்டு துறைமுகங்களுக்கு யோகம் அடித்தது. ஒன்று பம்பாய், இன்னொன்று அலெக்ஸாந்திரியா. பம்பாயில் பணம் குவிந்து, கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளின் பங்குகள் மேல் பைத்தியம் பிடித்து, 1865இல் போர் நின்றதும் எல்லாம் சரிந்தது. எஞ்சியதற்கு அடையாளம் பிரேம்சந்த் ராய்சந்த் பணத்தில் எழுந்த ராஜாபாய் மணிக்கூண்டு. எகிப்தில் சரிவு இன்னும் மோசம்: வரப்போகும் பருத்திப் பணத்தை நம்பி வாங்கிய கடன் ஏறி, கடைசியில் 1882இல் பிரிட்டிஷ் பீரங்கித் தாக்குதலிலும் அதையொட்டி எழுந்த தீயிலும் இந்தச் சதுக்கமே நாசமானது. மறுபடி கட்டினார்கள். 1956 ஜூலை 26 இரவு நாசர் இங்கே நின்றுதான் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்குவதாக அறிவித்தார். பேச்சின் நடுவே கால்வாயை வெட்டிய லெசெப்ஸின் பெயர் வந்ததும் கால்வாய் அலுவலகங்களுக்குள் ஆட்கள் நுழைந்தார்கள். பெயர்தான் சைகை. அந்தச் சந்தைக் கட்டிடம் 1977 ஜனவரியில், ரொட்டி விலை ஏறியதற்காக நடந்த கலவரத்தில் எரிந்தது. பிறகு இடித்துவிட்டார்கள். நான் போனபோது அங்கே கார்கள் நின்றன. பம்பாயின் சந்தைக் கட்டிடம் காட்டன் கிரீனில் இன்னும் நிற்கிறது, பருத்திதான் இல்லை.

கவாஃபியின் வீடு அங்கிருந்து தூரமில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததே கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடையால். அட்டையில் அலெக்ஸாந்திரியா என்று இருந்ததால் வாங்கினேன், கவிதை என்பது வீட்டுக்கு வந்துதான் தெரியும். கான்ஸ்டன்டைன் கவாஃபி 1863 ஏப்ரல் 29இல் பிறந்து 1933இல் அதே தேதியில் இறந்த கிரேக்கக் கவிஞர். அப்பா பருத்தி ஏற்றுமதி செய்த பெரிய வியாபாரி; அவர் போனதும் சொத்தும் போனது. பையன் நீர்ப்பாசனத் துறையில் குமாஸ்தா ஆனான். முப்பது வருஷம். கிரேக்கக் குடியுரிமை என்பதால் கடைசிவரை தற்காலிகப் பணிதான், நீட்டிப்பு வாங்கிக்கொண்டே ஓட்டினார். பம்பாய் மில்லில் இவரைப் பத்லி என்போம். விற்பனைக்கு ஒரு புத்தகம்கூட வெளியிடவில்லை. கவிதையைத் தாள் தாளாக அச்சடித்து, வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுத்தார், பிறகு கையால் திருத்தவும் செய்தார். முதல் உலகப்போரில் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக இங்கே வந்த இ.எம். ஃபார்ஸ்டர்தான் அவரை ஆங்கில வாசகர்களுக்குச் சொன்னவர்.

படி ஏறி மேலே போனால் மங்கலான அறைகள், மேசை, மரத்தில் இழைத்த நாற்காலிகள், இறந்தபின் முகத்தில் எடுத்த அச்சு. என்னைத் தவிர பார்க்க வந்தவர் யாருமில்லை. சீட்டு கொடுத்தவர் கைப்பேசியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவிதைக்கு மயங்குகிற ஆள் இல்லை. ஆனால் ஆபீஸ் நேரத்தில் முதலாளியின் தாளில் வேறு எதையோ எழுதுகிறவனை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆபீசிலேயே ஷிப்பிங் பில்லின் பின்பக்கத்தில் சிறுகதை எழுதிய மாதுங்காக்காரர் ஒருவர் இருந்தார். அந்த மேசை எனக்கு அந்நியமாக இல்லை.

கிரேக்கர்கள் போய்விட்டார்கள். கிரேக்கர், இத்தாலியர், யூதர், சிரியாக்காரர் என்று நூறு வருஷத்துக்கு மேல் இந்த ஊரின் கடை, வங்கி, பருத்தி எல்லாவற்றையும் வைத்திருந்தவர்கள். 1956 போருக்குப் பிறகு சிலரை வெளியேற்றினார்கள், 1961இல் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டதும் பலர் தாங்களாகவே கிளம்பினார்கள். பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது. சாத் சக்லூல் தெருவில் சொஃபியானோபுலோ என்ற காப்பிக்கடையில் இன்னும் கொட்டை வறுத்து அரைக்கிறார்கள். வாசலில் நின்றபோது மனைவி “மாதுங்கா” என்றாள். திரியானோன், தெலிஸ் என்று கேக் கடைகள். போன உலகத்தை நினைத்து உருகும் புத்தகங்களுக்கும் குறைவில்லை. லாரன்ஸ் டர்ரெல் நாலு நாவல் எழுதினார். அவற்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். விருந்து இருக்கிறது, காதல் இருக்கிறது, சதி இருக்கிறது. பருத்திப் பொதியை யார் கப்பலில் ஏற்றினார்கள் என்பது இல்லை. ஏற்றியவன் அரபி பேசும் எகிப்தியன். தன் ஊரிலேயே நல்ல தெருவில் அவன் வேலைக்காரனாகத்தான் நடந்தான். அவன் பேரனிடம் போய் அந்தப் பழைய பொற்காலம் போச்சே என்று சொன்னால் சிரிப்பான்.

பம்பாயிலும் எங்களைப் போகச் சொன்னார்கள். அறுபதுகளின் கடைசியில் ‘பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி’ என்ற கோஷம் எல்லாருக்கும் தெரிந்தது. ஆபீஸ்களில் இருக்கும் மதராஸிகளின் பெயர்களை ஒரு வாரப் பத்திரிகை பட்டியல் போட்டது. உடுப்பி ஓட்டல் கண்ணாடிகள் உடைந்தன. மாதுங்காவில் சிலர் பிள்ளைகளை டெல்லிக்கு, பிறகு அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். தாராவியில் என்ன செய்தோம்? அப்பாவிடம் பின்னாளில் கேட்டேன்.

“எங்கலே போவ? விக்கதுக்கு ஏதாவது இருந்தாத்தான வித்துட்டுப் போவ முடியும்? காலையில கப்பல் வந்து நிக்கி. மூட்டைய அவனா தூக்குவான்?”

கிரேக்கனுக்கு விற்கக் கடை இருந்தது, போக ஏதென்ஸ் இருந்தது. எங்களுக்கு நாங்குநேரியில் மழை இல்லை. அதனால் இருந்தோம். இதை வீரம் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கூசும். அலெக்ஸாந்திரியாவில் கடை வைத்திருந்தவர்கள் போனார்கள், கப்பலில் ஏற்றி இறக்கியவர்கள் இருந்தார்கள். பம்பாயிலும் கணக்கு அதேதான். ஏற்றி இறக்கியவர்களில் நாங்களும் இருந்தோம் என்பதால் நாங்கள் தப்பினோம்.

கடைசி நாள் காலை மகன் நினைவுப்பொருள் வாங்கப் போனான். நான் மனைவியை ஃபூல் சாப்பிடலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். வேகவைத்து மசித்த பெரிய பழுப்புக் கொட்டை, மேலே எண்ணெய், சீரகம், ரொட்டி. சாப்பிட்டு முடித்ததும் டாக்சியை மேற்குத் துறைமுகத்துக்கு விடச் சொன்னேன். சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டும் பிறை வடிவக் கடல் கிழக்குத் துறைமுகம், அதில் மீன்பிடிப் படகுகள்தான். சரக்கு இறங்குவது மேற்கில்தான். நான் அடித்த பில்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த இடம். கேட்டில் சிப்பாய் நிறுத்தினார். டூரிஸ்டுக்கு அனுமதி இல்லை. சரிதான், பாம்பே போர்ட்டிலும் விடமாட்டோம்.

கேட்டுக்கு எதிரே டீக்கடை. துறைமுகக் கேட்டு இருந்தால் எதிரே டீக்கடையும் இருக்கும், அதில் கையில் ஃபைலோடு ஆட்கள் இருப்பார்கள். அவர்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது: சட்டைப் பையில் இரண்டு பேனா, தூங்காத கண், ஒரு காதில் போன். இளைஞன் ஒருவனிடம் நானும் கிளியரிங்தான், பாம்பே என்றேன். எங்கள் பக்கத்து நவா ஷேவா துறைமுகத்தின் பெயரைச் சொன்னதும் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். சிஸ்டம் டவுன், கண்டெய்னர் நாலு நாளாக உள்ளே நிற்கிறது, டெமரேஜ் ஏறுகிறது, பார்ட்டி போனை எடுப்பதில்லை என்று அரை ஆங்கிலத்தில் கொட்டினான். ஃப்ரீ டைம் எத்தனை நாள் என்று கேட்டேன். எச்.எஸ். கோடு எதில் போட்டாய் என்று கேட்டேன். ஃபைலை வாங்கி இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எடை இரண்டிலும் ஒத்துப்போகவில்லை. அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு ஆபீசுக்கு போன் போட்டான்.

“என்னங்க,” என்றாள் மனைவி, டீயை வைத்துவிட்டு. “ரயிலுக்கு ஒரு மணி நேரந்தான் இருக்கு. இதுக்கு இவன்கிட்ட காசு வாங்கப் போறீங்களா, இல்ல சும்மாதானா?”